பெர்கன் துறைமுகத்தில் அடுப்பில்லா வீடுகள்

மே கடைசியில் வரும் மெமோரியல் டே வார இறுதியில் நியூ ஜெர்சித் தமிழர்கள் எங்கே போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நயாகரா, வாஷிங்டன், அதுவும் இல்லையென்றால் பிட்ஸ்பர்க் கோயில். நாங்கள் நார்வேக்குப் போகிறோம் என்றதும், ஐசலின் ஊரில் ஓக் ட்ரீ ரோடு இந்திய மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மேனகா ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார்.

"அங்க என்னம்மா இருக்கு? குளிர்தானே? அதான் நமக்கு ஜனவரில ஃப்ரீயாவே கிடைக்குதே!"

என் கணவர் சங்கரின் ஆபீஸ் காலண்டரில் ஒரு படம் இருந்தது. கடல் மலைக்குள் புகுந்து கிடக்கும். கரையில் மரவீடுகள் வரிசையாக நிற்கும். கீழே பெர்கன், நார்வே என்று போட்டிருக்கும். அந்த மாதம் முடிந்த பிறகும் அவர் அந்தத் தாளைத் திருப்பவில்லை. நியூயார்க்கில் விசா வாங்கி, ஆளுக்கு நானூற்று இருபது டாலருக்குச் சல்லிசாக டிக்கெட் கிடைத்ததும், 1998 மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலையில் நெவார்க்கில் விமானம் ஏறினோம். பெட்டியில் ரைஸ் குக்கர், அரிசி, ஊறுகாய், புளி, மிளகாய்த்தூள். சங்கர் சுத்த சைவம்; போகிற ஊரோ மீனுக்குப் பேர்போனது. ஐந்து நாளும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க முடியுமா?

எங்களோடு விமானம் ஏறிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு தீராத வழக்கு. நான் தூத்துக்குடி, அவர் திருநெல்வேலி. இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் அவர் வீடு முட்டைகூட நுழையாத வீடு. எங்கள் வீட்டில் ஒரு நாள் மீன் இல்லையென்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள். கல்லூரியில் காதலிக்கும்போது இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதா? அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில், அம்மா அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை, அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வறுத்தேன். சன்னலெல்லாம் அடைத்த அபார்ட்மெண்ட். வாசனை அலமாரிக்குள் புகுந்து அவருடைய குளிர்கோட்டில் ஏறி உட்கார்ந்து, மறுநாள் அவரோடு மீட்டிங்குக்குப் போய்விட்டது. யாரோ மூக்கைச் சுளித்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. கோட்டை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிட்டு வந்து, மெதுவாக, "சுகி, இது மட்டும் வீட்ல வேணாம்" என்றார். நானும் சரி என்றேன். மீன் வேண்டுமென்றால் ஓட்டலில் சாப்பிடலாம். கருவாட்டுக்கு எந்த ஓட்டலுக்குப் போவது? அதற்குப் பிறகு நான்கு வருடங்கள் ஓடிவிட்டன.

இப்போது எடிசன் ஊரில் ஒரு டவுன்ஹவுஸ் பார்த்திருந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரு கராஜ். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கராஜில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் அடுப்பு. மேனகா ஆன்ட்டி வீட்டில் அப்படித்தான். மீன், கருவாடு எதுவானாலும் காரை வெளியே எடுத்துவிட்டு கராஜில் சமைப்பார். சங்கர் "யோசிக்கறேன்" என்றார். மூன்று வாரமாக யோசித்துக்கொண்டே இருந்தார். ஊர் திரும்பியதும் வீட்டை விற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுப்பு இல்லையென்றால் அந்த வீடே எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். சொன்னால் சொன்னதுதான்.

சனிக்கிழமை, நண்பகல். கோபன்ஹேகனில் விமானம் மாறி பெர்கனை நெருங்கும்போது மேகம் விலகியது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கடலில் யாரோ பாறைகளை அள்ளி வீசியதைப் போலத் தீவுகள். எண்ணவே முடியாத தீவுகள். சிலவற்றில் ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு படகு. அந்த வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸுக்கு ஆளுக்கு நாற்பத்தைந்து குரோனர். டாலருக்கு ஏழரைக் குரோனர் என்று சங்கர் வழி நெடுகக் கணக்குப் போட்டுப் போட்டு வாடிப்போனார். சன்னல் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. இந்த மழை எப்போது நிற்கும் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எந்த மழை?" என்று கேட்டார். கேலி என்று புரிய எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. இந்த ஊரில் அதற்குப் பெயர் மழை இல்லை போலும்.

நாங்கள் தங்கிய வீடு துறைமுகத்துக்குப் பின்னால், மேட்டில் இருந்தது. வெள்ளை வர்ணம் அடித்த மரவீடு. மாடி அறைக்கு ஒரு நாளைக்கு நானூற்று எண்பது குரோனர். கீழே சமையலறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஓலவ், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். சாவியைக் கொடுத்தார், சமையலறையைக் காட்டினார், போய்விட்டார்.

மாலை எட்டு மணிக்கு வெளியே வந்தபோது பட்டப் பகலாக இருந்தது. ஊரைச் சுற்றி மலைகள். மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் வீடுகளைச் செருகி வைத்திருந்தார்கள். கீழே துறைமுகம். அதன் ஒரு கரை முழுக்க, சங்கரின் காலண்டரில் பார்த்த அதே மரவீடுகள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரு வீடாவது நேராக இல்லை. முந்நூறு வருடங்களுக்கு முன் ஊரே எரிந்துபோன பிறகு, முன்பு இருந்தபடியே மீண்டும் கட்டினார்களாம். சங்கர் கணக்குப் போடுவதைக்கூட நிறுத்திவிட்டார். ஒரு காகிதப் படம் கடைசியில் மரமாகவும் ஆணியாகவும் முன்னால் வந்து நின்றால் மனிதன் என்ன செய்வான்? குடையை மடக்கி வைத்துவிட்டு நனைந்துகொண்டே பார்த்தார்.

வீடுகளுக்கு நடுவே இருவர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். தரையும் பலகைதான். ஒரு சந்துக்குள் நான்கைந்து அடி போயிருப்பேன். நின்றுவிட்டேன். தார் வாசனை. ஈர மரத்தின் வாசனை. அதற்கும் அடியில் இன்னொன்று. எனக்கு அதற்கு யாரும் பெயர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தூணில் மூக்கை வைத்து இழுத்தேன்.

"என்ன பண்ற?" என்றார் சங்கர், அக்கம்பக்கம் பார்த்தபடி.

"கருவாடு" என்றேன்.

"சுகி, இது நார்வே."

"இருக்கட்டும். கருவாடுதான்."

சந்து முனையில் பலகை ஒன்று இருந்தது. அவர் போய்ப் படித்தார். படித்துவிட்டுத் திரும்பி வந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நூற்றாண்டுகளாக ஜெர்மன் வணிகர்கள் இந்த வீடுகளில் தங்கி நடத்தியது காய்ந்த மீன் வியாபாரம். வடக்கே பனிக்கடலில் பிடித்த மீனைக் காற்றில் காயவைத்துப் படகில் ஏற்றி வருவார்கள். இங்கே தானியத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். இங்கிருந்து ஐரோப்பா முழுவதும் போகும். உலகமே கேமராவைத் தூக்கிக்கொண்டு பார்க்க வரும் இந்தத் துறைமுகத்தைக் கட்டியது கருவாடு! நான் அந்தப் பலகையின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழை ஒரு மணி நேரம் விடுமுறை எடுத்துக்கொண்டது. கம்பிவடத்தால் மலைமேல் இழுத்துச் செல்லும் ரயிலில் ஏறினோம். போய்வர முப்பது குரோனர். முந்நூறு மீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டார்கள். கீழே ஊர் முழுவதும் உள்ளங்கை அளவில் தெரிந்தது. சாம்பல் நிறக் கடல், அதற்குள் விரல் விரலாக நிலம், அதற்கப்பால் தீவுகள், அதற்கப்பால் மேகமா கடலா என்று தெரியாத ஒன்று. ஒரு வெள்ளைக் கப்பல் துறைமுகத்தைவிட்டு வடக்கே திரும்பியது. சத்தமே இல்லை. நான் துறைமுகத்தில் பிறந்தவள். கப்பலை வாயைப் பிளந்து பார்ப்பது எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் செய்யும் வேலை. அன்றைக்கு நான் வெளியூர்க்காரியாகி நின்றேன். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. கடவுளே, இத்தனை அழகை ஒரே இடத்தில் கொட்டி வைத்துவிட்டாயே, மற்ற ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்கத் தோன்றியது. சங்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்பைப் பற்றி அன்று முழுவதும் நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மீன் சந்தை. நீர் முட்டும் கரையில் வரிசையாகக் கூடாரக் கடைகள். இறால், நண்டு, என் இடுப்பளவு நீளத்தில் சால்மன். சங்கர் பத்தடி தள்ளி நின்று பூ விற்கும் கடையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இறால் கடையில் ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண், என் பொட்டைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தாள்.

"தமிழோ நீங்கள்?"

நான் துள்ளிவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பெண். பெயர் ராஜி. பன்னிரண்டு வருடமாக நார்வேயில் இருக்கிறாளாம்.

"எங்கயிருந்து வாறியள்?"

"அமெரிக்கால இருந்து. ஊரு தூத்துக்குடி."

"அமெரிக்காவில மீன் இல்லையோ? இவ்வளவு தூரம் வந்து சந்தையில நிக்கிறியள்!" என்று சிரித்தாள். கருவாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "அந்த வீதியால நேர போங்கோ, ஒரு பழைய கடை இருக்கு. ஆனால் அக்கா, இது எங்கட கருவாடு மாதிரி இல்லை. சமைக்கிற விதம் சொல்லித்தரட்டோ?"

"தூத்துக்குடிக்காரிக்குக் கருவாடு சமைக்கத் தெரியாதா? நல்லாக் கேட்டீங்க!" என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு இறால் நிறுக்கப் போய்விட்டாள். அந்த ஒரு நொடியில் நான் சுதாரித்திருக்க வேண்டும். ஊர்ப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

பழைய கடையில் மீன்கள் கூரையிலிருந்து ஜோடி ஜோடியாக, வாலில் கயிறு கட்டித் தொங்கின. தலை கிடையாது. ஒவ்வொன்றும் என் கை நீளம். விரலால் தட்டினால் கதவைத் தட்டுவதைப் போலச் சத்தம் வந்தது. கடைக்காரர் ஒன்றை இறக்கிக் காகிதத்தில் சுற்றினார். நூற்றுப் பத்து குரோனர். என் ஒரு கையில் குடை, மறு கையில் உருளைக்கிழங்குப் பை. வேறு வழியில்லாமல் சங்கர் அந்தக் காகிதச் சுருளை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். காகிதத்துக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. பிறந்து முப்பத்திரண்டு வருடத்தில் அவர் முதல்முறையாகத் தொட்ட மீன் அதுதான். மேட்டில் ஏறும்போது எதிரே வந்த ஒரு பாட்டியம்மா அந்த வாலைப் பார்த்துவிட்டு அவருக்குத் தலையசைத்து வணக்கம் சொன்னார். சங்கர் பதிலுக்கு வணக்கம் சொன்ன விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புது மாப்பிள்ளை தோற்றார்.

மாலை ஆறு மணி. எங்கள் ஊர் முறைப்படி வெந்நீரில் போட்டேன். பத்து நிமிடத்தில் இளகிவிடும். கழுவித் துண்டு போட்டு, புளி கரைத்துக் குழம்பு வைக்கலாம். அரைமணி ஆனது. மீன் அசையவில்லை. வீட்டில் இருந்த பெரிய கத்தியை எடுத்து வெட்டினேன். கத்தி வழுக்கியது. சுவரில் ஓங்கி அடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஓலவ் சமையலறைக்குள் வந்தார். மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய் ஒரு சுத்தியலோடு திரும்பினார். பின்பக்கத்துக் கருங்கல் படியைக் காட்டினார்.

நான் அடித்தேன். சங்கர் வாலைப் பிடித்துக்கொண்டார். சைவக் குடும்பத்துப் பிள்ளை, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, மீன் வாலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒவ்வோர் அடிக்கும் நார் நாராகத் தெறித்தது. ஓலவ் குனிந்து ஒரு நாரை எடுத்து வாயில் போட்டு மென்றார். உள்ளே போய் வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து படியில் வைத்தார். நாங்கள் மாலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்! இப்படி அடித்து, வெண்ணெய் தொட்டுத் தின்பது இங்கே வழக்கமாம்.

குழம்பு வைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அதற்கு ஒரு வாரம் ஊற வேண்டும் என்றார். குளிர்ந்த தண்ணீரில், குளிர்ந்த இடத்தில், தினமும் தண்ணீர் மாற்றி. ராஜி அந்த ஒரு நொடி ஏன் அப்படிப் பார்த்தாள் என்று எனக்கு விளங்கியது. நாளை மறுநாள் எங்களுக்கு விமானம்.

அவமானமாக இருந்தது. அந்தக் கடுப்பில் ஒரு நாரை எடுத்து வாயில் போட்டேன். உப்பில்லை. காரமில்லை. மரத்தூளை மெல்வதைப் போல இருந்தது. விடாமல் மென்றேன். கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ அடியிலிருந்து, நாக்கு மறந்தே போயிருந்த அந்த ருசி மெல்ல ஏறி வந்தது. மிளகாயே இல்லாமல் என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு மேலும் ஒரு நாரை எடுத்தேன். சங்கர் இன்னும் வாலைப் பிடித்தபடியே இருந்தார். இப்போது கண்ணைத் திறந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிபடாத பெரும்பகுதி மிச்சமிருந்தது. ஓலவ் அதைப் பெட்டியில் அடங்கும்படி நான்கு துண்டாக ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, வணிகர் வீடு ஒன்றைப் பழைய நிலையிலேயே வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். நுழைவு முப்பத்தைந்து குரோனர். உள்ளே இருட்டு. அதைவிடக் குளிர். மே மாதக் கடைசியிலும் எங்கள் மூச்சு புகையாக வந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி எங்களை அழைத்துக்கொண்டு போய் விளக்கினாள். முழுக்க முழுக்க மரத்தால் ஆன வீடுகள், மீன் குவிந்த கிடங்குகள். ஒரு பொறி பறந்தால் ஊர் போய்விடும். அதனால் இந்த வீடுகளுக்குள் நெருப்பு கூடாது என்று சட்டமே இருந்தது. அடுப்பும் கிடையாது, கணப்பும் கிடையாது. வேலை கற்க வந்த இளைஞர்கள் மாடியில் அலமாரி போன்ற பெட்டிகளுக்குள் இரண்டிரண்டு பேராகப் படுத்து, கதவை இழுத்து மூடிக்கொள்வார்கள். சமைக்கவும் குளிர்காயவும் வீடுகளுக்குப் பின்னால் தனியாகக் கட்டிடங்கள் இருந்தன. அடுப்பு அங்கே மட்டும்தான்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடுப்புக்குத் தனி வீடு! இதைவிட நல்ல சாட்சி எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்? சங்கரின் முழங்கையை இடித்தேன்.

"கேட்டீங்களா? அத்தனை பெரிய வியாபாரிங்க! அவங்களே கராஜ்லதான் சமைச்சிருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு படுக்கைப் பெட்டிக்குள் கையை விட்டுப் பலகையைத் தடவினார். "ஜனவரியிலும் இங்கேதானா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். ஆமாம் என்றாள். குளிர்காலம் முழுக்க, ஈர உடையோடு, வருடக்கணக்கில். சங்கர் கையை எடுக்கவே இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வயதில் தாயை விட்டுக் கடல் தாண்டி வந்து, இந்தப் பெட்டிக்குள் சுருண்டு படுத்தவர்களின் தோள் பட்டுப்பட்டு அந்தப் பலகை வழவழவென்று தேய்ந்திருந்தது. வெளியே சாய்ந்து நிற்கும் அழகுக்கெல்லாம் உள்ளே கொடுத்த விலை அது.

சந்துக்கு வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவர் பேசினார்.

"சுகி. கராஜ்ல அடுப்பு வேணாம். நான் முடிவு பண்ணிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இத்தனையும் பார்த்துட்டா? நேத்து அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதானே?"

"முழுசாக் கேளு..."

"ஒண்ணும் கேக்க வேணாம். எனக்கு வீடும் வேணாம், அடுப்பும் வேணாம்."

குடையைப் பறித்துக்கொண்டு நடந்துவிட்டேன். அன்று மாலை முழுவதும் துறைமுகத்தின் எதிர்க்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே சிவப்பும் மஞ்சளுமாக அந்த வீடுகள் நீரில் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தன. கோபத்திலும் அழகாகத்தான் இருந்தன. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை காலை. ஓலவ் வாசல்வரை வந்து என் கையைக் குலுக்கி, "ஒரு வாரம்" என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பஸ் திரும்பும் இடத்தில் கடைசியாக ஒருமுறை துறைமுகம் தெரிந்தது. மலைகளின் இடுப்பில் மேகம் சுற்றியிருந்தது. எத்தனை முறை எரிந்தாலும் அதே இடத்தில், அதே கோணலோடு எழுந்து நிற்கும் ஊர். நானாக இருந்தால் முதல் தீயிலேயே கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பேன். விமானத்தில் எட்டு மணி நேரமும் தூங்குவதுபோல நடித்தேன். சங்கர் இரண்டு முறை போர்வையை இழுத்துவிட்டார். அதற்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

நெவார்க் சுங்கத்தில், உணவுப் பொருள் ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். பெட்டி என் பெயரில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சங்கர், "மீன். காய்ந்த மீன். எங்களுடையது" என்றார். எங்களுடையது என்று அழுத்திச் சொன்னார். அதிகாரி பெட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்து, இதைச் சாப்பிடவா போகிறீர்கள் என்று உண்மையான கவலையோடு கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேராகப் படுக்கையறைக்குப் போனேன். சமையலறையில் என்னவோ உருட்டும் சத்தம். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுக்கொண்டு சங்கர் தரையில் உட்கார்ந்திருந்தார். அடித்தட்டில் காய்கறி வைக்கும் இழுப்பறை வெளியே வந்திருந்தது. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மேஜைமேல் கிடந்தன. இழுப்பறையில் தண்ணீர் நிரப்பி, நான்கு துண்டு மீனையும் அவர் உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"குளிர்ந்த இடத்துல ஊறணும்னு சொன்னாரே."

"கராஜ்ல வேணாம்னீங்க?"

"கராஜ்லதான் வேணாம்னேன்." திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ஜனவரில கராஜ் எப்படி இருக்கும்னு யோசிச்சியா? அந்தப் பசங்க படுத்திருந்த ரூம் மாதிரி இருக்கும். நீ அங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்கி நடுங்கி சமைப்ப. நான் உள்ள ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்தப் பெட்டியைத் தொட்டப்ப எனக்கு அதுதான் தோணிச்சு. உள்ளயே சமை. நம்ம அடுப்புல. எனக்குப் பிடிக்காது, அது வேற விஷயம். சன்னலைத் திறந்து வெச்சுக்கறேன்."

எட்டு மணி நேரம் வீணாகத் தூங்குவதுபோல நடித்துவிட்டேனே என்றிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மிதந்து வந்த ஒரு துண்டை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் சில்லிட்டுப்போயிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடுத்த ஒரு வாரமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தண்ணீரை மாற்றியது அவர்தான். நான் மாற்றுகிறேன் என்றால் விடவில்லை. முதல் நாள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டார். நான்காம் நாள் கைக்குட்டையை மறந்துவிட்டார். எட்டாம் நாள் மீன் வெள்ளை வெளேரென்று, கனமாக, மீனாகவே திரும்பி வந்திருந்தது. புளியும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நான் கருவாட்டுக் குழம்பும் சோறுமாக ஒரு பக்கம் உட்கார்ந்தேன். எதிரே அவர் தயிர்ச் சோறும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கருவாட்டின் சுருக்கென்ற உப்பு அதில் இல்லை. நான் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

எடிசன் வீட்டுக்குக் குடிவந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. காலண்டர் படம் இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மரவீடுகளின் மாடியில் கதவை இழுத்து மூடிக்கொண்டு படுத்த பிள்ளைகளைத்தான் நினைக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அம்மா மறுபடியும் நெத்திலி அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். எங்கள் கராஜில் அடுப்பு இல்லை. வெளியே பனி கொட்டும் நாட்களில் நான் கருவாடு வறுக்க எண்ணெயைக் காயவைத்தால், சங்கர் எழுந்து அலமாரியைத் திறப்பார். வீட்டில் உள்ள குளிர்கோட்டுகளையெல்லாம் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போய் கராஜில் தொங்கவிட்டுவிட்டு வருவார்.